மூன்று மீட்டரில் பதினாறு நிமிடம்

முங்கு வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் இப்போது மணிக்கட்டில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கட்டிக்கொள்கிறார்கள். எவ்வளவு ஆழம் போனோம், எவ்வளவு நேரம் இருந்தோம், மேலே வரும் வழியில் எங்கே எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்று அதுவே கணக்கிட்டுச் சொல்லிவிடுகிறது. வேகமாக ஏறினால் கத்துகிறது. என்னோடு வேலை பார்த்து, இன்னும் அந்தமானில் முங்கிக்கொண்டிருக்கும் இரண்டு பேர், "இது இல்லாத காலத்தில எப்படிண்ணே நின்னீங்க? எழுதித் தாங்க" என்று ஆறு மாதமாகக் கேட்கிறார்கள். எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நீளமாக எழுதிப் பழக்கம் இல்லை. ஆனால் இடுப்பு எலும்பு கெட்டுப்போய் உட்கார்ந்தே இருப்பதால் நேரம் இருக்கிறது.

தெரியாதவர்களுக்காக முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முதுகில் காற்று உருளையோடு ஆழத்துக்குப் போனால், நாம் இழுக்கும் காற்றில் ஒரு பகுதி அழுத்தத்தால் ரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்து உள்ளே தங்கிவிடும். மெதுவாக ஏறினால் அது மூச்சு வழியாகத் தானே வெளியேறும். அவசரமாக ஏறினால் உடம்புக்குள்ளேயே குமிழியாகும். குமிழி மூட்டில் நின்றால் வலி. முதுகுத்தண்டில் நின்றால் கால் போய்விடும். எங்கள் சூப்பர்வைசர் மாத்தன் சார் இதைக் கல்யாண மண்டபத்தை வைத்துச் சொல்வார். பந்தி முடிந்து அத்தனை பேரும் ஒரே வாசலில் முண்டினால் யாராவது மிதிபடுவார்கள். வாசலில் ஒருவர் நின்று பத்துப் பத்துப் பேராக வெளியே விட்டால் எல்லோரும் பத்திரமாக வீடு போவார்கள். நிறுத்தம் என்பது அந்த வாசலில் நிற்பது. ஏறும் வழியில் ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

நான் குளச்சல்காரன், பேர் பீரு. வாப்பா கருவாடு வியாபாரம். வீட்டில் தங்காத பிள்ளை நான். பன்னிரண்டு வயதில் சிப்பிப் பாறைக்குப் போக ஆரம்பித்தேன். பதினேழில் கொல்லத்தில் பரோட்டாக் கடை, பிறகு கொச்சியில் கப்பல் அடிப்பாகம் சுரண்டும் வேலை, பிறகு விசாகப்பட்டினம், பம்பாய். எங்கும் இரண்டு வருடம் தாண்டியதில்லை. உருளை கட்டி முங்கப் பழகியது பம்பாயில். பயிற்சி மூன்று மாதம். அதில் சொல்ல ஒன்றும் இல்லை. இங்கிலீஷ் வாசிக்க வராது, எண்கள் வரும். நிறுத்த அட்டவணையை வாய்ப்பாடு மாதிரி உருப்போட்டேன்.

சிப்பிப் பாறையைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடலுக்குள் நிற்கும் பாறைகளின் அடியில் சிப்பி ஒட்டியிருக்கும். மூச்சை அடக்கிக்கொண்டு போய் உளியால் பெயர்த்து, இடுப்பில் கட்டிய வலைப்பையில் போட வேண்டும். இருவர் கீழே போனால் ஒருவர் பாறைமேல் நின்று கடலைப் பார்ப்பார். பெரிய அலை தூரத்தில் எழும்பினால் கல்லை எடுத்துப் பாறையில் மூன்று தரம் தட்டுவார். தண்ணீருக்குள் அந்தச் சத்தம் காதுக்குள்ளேயே தட்டுவது போலக் கேட்கும். கேட்டால் சிப்பி, உளி, பை எல்லாவற்றையும் விட்டுவிட்டு மேலே வந்துவிட வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது, இன்னும் ஒன்று என்று கை நீட்டக் கூடாது. நீட்டியவர்களின் மண்டை பாறையில் மோதியதை நான் பார்த்திருக்கிறேன். ஐந்து வருடம் அப்படி வளர்ந்த உடம்பு, மூன்று தட்டுக்கு யோசிக்காமல் எழும்பும்.

என்னோடு அதே பாறையில் வளர்ந்தவன் மரியதாசன். அடுத்த தெரு, ஒரே வயது. நான் பம்பாயில் உருளை முங்கப் பழகியதும் அவனையும் கூப்பிட்டுக்கொண்டேன். எனக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளாது, அவனுக்கு ஊரை விட்டு இருக்க முடியாது. வேலை இல்லாத நாளெல்லாம் முறுமுறுப்பான். "எங்கெல்லாம் கூட்டிட்டு அலையுத பாத்தியா? நாய் வாலுல கெட்டுன தகரம் மாதிரி ஆக்கிட்டியே என்னைய" என்பான். ஆனால் தண்ணீருக்குள் அவனைப் போல ஒருவனை நான் பார்த்ததில்லை. நான் இரண்டு மூச்சு இழுக்கும் நேரத்தில் அவன் ஒன்றுதான் இழுப்பான்.

இருபது வருடத்துக்கு முன்பு எங்கள் ஊருக்கு எதிரேயே ஒரு வேலை வந்தது. சாமான் ஏற்றும் தட்டைப் படகு ஒன்று முப்பத்தாறு மீட்டர் ஆழத்தில் முழுகிக் கிடந்தது. அதன் நங்கூரத்தையும் சங்கிலியையும் கழற்றி எடுக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் ஒரு சின்ன ஆள். அவர் அமர்த்திய சூப்பர்வைசர்தான் மாத்தன் சார். ஆலப்புழைக்காரர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். உள்ளூர்த் தண்ணீர் தெரிந்தவர்கள் என்று எங்கள் இருவரையும் எடுத்தார்கள். தாசனுக்குச் சந்தோஷம். காலையில் வேலைக்குப் போய் மத்தியானம் வீட்டுச் சோறு.

மாத்தன் சார் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வாயில் ஒரு ஏலக்காயை ஒதுக்கிக்கொண்டு இருப்பார். முங்குவதற்கு முன்பு எங்களை நேர் எதிரே உட்காரவைத்து மலையாளத்தில் கேட்பார்.

"பீரே, எத்தற ஆழம்?"

"முப்பத்தாறு, சார்."

"எத்தற சமயம்?"

"நாப்பது நிமிசம். அதுக்கு மேல கொள்ளாது."

"மோளில் வரும்போ?"

"ஆறு மீட்டர்ல அஞ்சு நிமிசம். மூணு மீட்டர்ல இருபத்தஞ்சு."

"தாசா, நீ பற."

"அவன் சொன்னதுதான் சார்."

"அவன்டெ ரத்தம் அவன்டெ. நின்டெ ரத்தம் நீ பறயணம்."

உன் ரத்தத்துக்கு நீதான் கணக்குச் சொல்ல வேண்டும் என்று அர்த்தம். தாசன் சிரித்துக்கொண்டே எண்களைச் சொல்வான். இது தினமும் நடக்கும். அன்றைய அட்டவணைக் கணக்கு அது. இன்றைய அட்டவணை அதே ஆழத்துக்கு இன்னும் அதிக நேரம் கேட்கும். ஆகவே யாரும் இதை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்க வேண்டாம்.

படகிலிருந்து ஒரு தடித்த கயிறு நேராக அடிவரை போகும். ஆறு மீட்டரில் சிவப்புத் துணி, மூன்று மீட்டரில் வெள்ளைத் துணி கட்டியிருக்கும். வெள்ளைத் துணிக்குப் பக்கத்தில் நிறுத்தத்துக்கென்று நிறைந்த உருளை ஒன்று தொங்கும். ஏறும்போது நம் வாயிலிருந்து போகிற சின்னக் குமிழிகளை நாம் முந்தக் கூடாது. மூச்சை ஒரு நொடிகூட அடக்கக் கூடாது. சிப்பிக்காரர்களான எங்களுக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. நாங்கள் மூன்று மீட்டருக்கு வந்ததும் மாத்தன் சார் படகின் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் தண்ணீருக்குள் விட்டுக்கொள்வார். கீழேயிருந்து பார்த்தால் வெள்ளையான இரண்டு உள்ளங்கால்கள் தெரியும். இருபத்தைந்து நிமிடமும் அவை அங்கேயே இருக்கும். ஏன் அப்படி உட்காருகிறார் என்று நான் கேட்டதில்லை. ஆனால் அந்தக் கால்கள் இருந்தவரை மேலே எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைப்பேன்.

என் வாழ்க்கையில் நான் அசையாமல் இருந்த இடம் அந்த மூன்று மீட்டர்தான். வேலை கீழே முடிந்துவிட்டது. கரை இன்னும் வரவில்லை. செய்ய ஒன்றும் இல்லை, போக இடமும் இல்லை. வெயில் கம்பி கம்பியாக இறங்கும். சாளை மீன் கூட்டம் ஒன்று கயிற்றை இரண்டாகப் பிரிந்து கடந்து மறுபடி சேரும். எதிரே தாசன் கயிற்றை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடித் தூங்குகிறவன் போலத் தொங்குவான். சில நாள் கண்ணாடிக்குள் கண்ணை உருட்டி என்னைச் சிரிக்கவைக்கப் பார்ப்பான். சிரித்தால் கண்ணாடிக்குள் தண்ணீர் ஏறும். இப்போது எதற்கு ஏங்குகிறாய் என்று யாராவது கேட்டால், ஆழத்துக்கு இல்லை. அந்த இருபத்தைந்து நிமிடத்துக்குத்தான்.

எனக்கு ஒரு கெட்ட வழக்கம் இருந்தது. நிறுத்தத்தில் கயிற்றை இடது மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்வேன். கடலுக்குள் ஓடும் நீர் வலுத்தால் கை ஓய்ந்துவிடும் என்ற பயம். மாத்தன் சாருக்கு அது பிடிக்காது. ஆபத்தில் கை சிக்கிவிடும் என்பார். தாசன் படகில் வந்ததும் எல்லோர் முன்னாலும் சொல்வான்: "கண்ணுக்குட்டிய கெட்டிப் போட்டது மாதிரி நிக்கான் பாருங்க சார். இவனுக்கு ஒரு கட்டு வைக்கோலும் எறக்கி விடணும்."

பத்தாவது நாளோ பதினோராவது நாளோ அது நடந்தது. காலை பதினொரு மணி இருக்கும். நல்ல வெயில், கீழே நீர் ஓட்டம் மட்டும் கொஞ்சம் கடுமை. அடியில் நாற்பது நிமிடம் முடித்து, சிவப்புத் துணியில் ஐந்து நிமிடம் நின்று, வெள்ளைத் துணிக்கு வந்தோம். ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது.

டக், டக், டக்.

படகோட்டி செல்லையா மேலே நங்கூரக் கப்பியில் இறுகிப்போன ஆணியைச் சுத்தியலால் அடித்திருக்கிறார். மூன்று அடியில் ஆணி இளகிவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் தண்ணீருக்குள் அது பாறையில் கல் தட்டுகிற சத்தம்.

தாசனின் கண் திறந்தது. அந்த முகத்தில் யோசனை எதுவும் இல்லை. உடம்பு மட்டும் எழும்பியது. நானும் எழும்பினேன். இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவதில் அர்த்தம் இல்லை. நானும் காலை உதைத்தேன். மணிக்கட்டில் சுற்றியிருந்த கயிறு என்னை இழுத்து நிறுத்தியது. அந்த ஒரு இழுப்பில் எனக்குப் புத்தி வந்தது. வலது கையை நீட்டி அவன் காலைப் பிடித்தேன். கையில் வந்தது அவன் காலில் மாட்டியிருந்த துடுப்பு. அவன் போய்விட்டான்.

அந்த இரண்டு உள்ளங்கால்களும் தண்ணீரை விட்டு எழுந்துபோயின.

மேலே போவதா, நிற்பதா? எனக்கு இன்னும் பதினாறு நிமிடம் இருந்தது. போனால் இரண்டு நோயாளிகள். அது அட்டவணை சொல்வது. ஆனால் மேலே இருப்பவன் என் ஆள், நான் கூட்டி வந்தவன். ஒரு கையில் கயிறு, ஒரு கையில் அவன் துடுப்பு. நாலைந்து நிமிடம் கழித்து ஒரு நூலில் கட்டி எழுது பலகையை இறக்கினார்கள். எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது, அவருக்குத் தமிழ் எழுத வராது என்பதால் மாத்தன் சார் எப்போதும் படம்தான் போடுவார். 16 என்று எண், தாசன் ஏறியபோது எனக்கு மீதி இருந்த நிமிடம். பக்கத்தில் விரித்த உள்ளங்கை. அங்கேயே நில் என்று அர்த்தம். அதன் கீழே ஒரு வட்டம். எல்லாம் நலம் என்று அர்த்தம். பலகையின் ஒரு மூலையில் எதையோ போட்டு அழித்த கறுப்புத் தீற்றல் இருந்தது. அதை நான் பெரிதாக நினைக்கவில்லை. வட்டத்தைப் பார்த்தேன். நின்றேன்.

பதினாறு நிமிடம் முடித்து மேலே வந்தபோது தாசன் படகுப் பலகையில் மல்லாந்து கிடந்தான். மூக்கிலும் வாயிலும் ஆக்சிஜன் மூடி. கால் பெருவிரலை மாத்தன் சார் கிள்ளினார். தாசன் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரியவில்லை.

நடந்ததைச் செல்லையா படகை ஓட்டிக்கொண்டே சொன்னார். தாசன் மேலே வந்ததும், "எவம்லே தட்டினது? எங்கலே அலை?" என்று கத்தினானாம். அலை எதுவும் இல்லாததைப் பார்த்து அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டதாம். கூடவே "தொடையில எறும்பு ஊருது சார்" என்றானாம். இரண்டாவது நிமிடத்தில் எழுந்து நிற்கப் பார்த்து அப்படியே மடிந்து விழுந்தானாம். செல்லையா, "திருப்பித் தண்ணிக்குள்ள எறக்கும் சார், சரியாவும். எங்க ஆளுவ அப்பிடித்தான் செய்வாவ" என்று சொல்லியிருக்கிறார். மாத்தன் சார் கேட்கவில்லை. கால் மரத்தவனைக் காற்று உருளையோடு கீழே இறக்கினால் அங்கேயே மயங்கிச் செத்துப்போவான் என்று சொல்லிவிட்டார்.

நோயாளியை மறுபடி அழுத்தத்தில் வைத்து அதை மெதுவாகக் குறைக்கும் அறை அப்போது எங்களுக்குத் தெரிந்து கொச்சியில்தான் இருந்தது. கரையிலிருந்து ஆம்புலன்ஸில் ஏழு மணி நேரம். தாசனைப் படுத்தபடியே கொண்டுபோனோம். தலையைத் தூக்கவிடவில்லை. அவன் மனைவி ஸ்டெல்லா அரைமணிக்கு ஒருமுறை தண்ணீர் கொடுத்தாள். நான் ஆக்சிஜன் உருளையின் முள்ளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆற்றிங்கல் தாண்டியதும் தாசன் மூடியை விலக்கி, "லேய் பீரு, என் துடுப்பு எங்க?" என்றான். என் மடியில்தான் இருந்தது. காட்டினேன். "தொலைச்சிராத. ஒத்தத் துடுப்பு எங்கயும் விக்காது" என்றான். ஸ்டெல்லா அவன் வாயைப் பொத்தி மூடியை மறுபடி வைத்தாள்.

கொச்சியில் பல தடவை அறைக்குள் வைத்தார்கள். வலது கால் திரும்பியது. இடது கால் பாதிதான் திரும்பியது. இரண்டு மாதத்தில் கம்பு ஊன்றி நடந்தான். சூடு தெரியாது, முள் குத்தினால் தெரியாது. இனி முங்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

செல்லையாவை யாரும் குற்றம் சொல்லவில்லை. அவர் பாறையில் வளர்ந்தவர் அல்ல. மாத்தன் சாருக்கும் அந்த மூன்று தட்டின் அர்த்தம் தெரியாது. தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நாங்கள் கீழே நிற்கும்போது படகில் எதையும் தட்டாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. அந்த நாளுக்குப் பிறகு எந்தப் படகில் ஏறினாலும் முதல் வேலையாகச் சுத்தியல் எங்கே இருக்கிறது என்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்வேன். கிறுக்கன் என்று பேர் வந்தது.

அடுத்த மாதமே நான் ஊரை விட்டுப் போய்விட்டேன். புஜைரா, மாலத்தீவு, அந்தமான். பதினெட்டு வருடம். நின்ற நிறுத்தங்களுக்குக் கணக்கில்லை. எதிரே யார் யாரோ தொங்கினார்கள். நல்ல ஆட்கள்தான். கண்ணை உருட்டிச் சிரிக்கவைக்க யாரும் இல்லை. லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் தாசன் வீட்டுக்குப் போவேன். மீனுக்கு ஐஸ் உடைத்து விற்கும் கடை வைத்திருந்தான். மழை, மீன் விலை, பிள்ளைகள் படிப்பு என்று எல்லாவற்றையும் பேசுவோம். அந்தப் பதினாறு நிமிடத்தை மட்டும் இரண்டு பேரும் தொடமாட்டோம். மேலே போகாமல் நின்றுவிட்டானே என்று அவன் மனதில் இருக்கும் என்றே நான் நினைத்திருந்தேன்.

போன வருடம் எனக்கு இடுப்பு வலி அதிகமானது. நாகர்கோவிலில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், தொடை எலும்பின் தலைப்பக்கம் செத்துக் கிடக்கிறது என்றார். வருடக்கணக்கில் ஆழத்துக்குப் போகிறவர்களுக்கு வருவதுதானாம். இனி முங்கினால் எலும்பு நொறுங்கும் என்றார். பஸ் பிடித்து நேராகத் தாசன் கடைக்குப் போனேன். சாக்கு விரித்த பெஞ்சில் உட்கார்ந்து சொன்னேன்.

"அப்பம் ஒனக்கும் கம்புதான்" என்றான். "நல்லதா ஒண்ணு வெட்டித் தாரேன். கருங்காலி வேணுமா?"

நான் சிரிக்கவில்லை. அவன் ஐஸ் உடைக்கும் கட்டையைக் கீழே வைத்தான்.

"இனி தண்ணிக்குள்ள போவ மாட்டியா?"

"எப்பிடிடே போவேன்?"

"சும்மா வெளாட்டுக்குக்கூட?"

"இல்ல."

"உம்மா மேல ஆணையா?"

"உம்மா மவுத்தாகி பன்னெண்டு வருசம் ஆச்சு. போவ மாட்டேன்டே. ஏன் இப்பிடிக் கேக்குத?"

அவன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அன்னைக்கு செல்லையா ஒடனே கரைக்கு விடலாம்னாரு. பீரு மிதவையப் பிடிச்சுக் கெடக்கட்டும், நான் திரும்பி வந்து எடுக்கேன்னாரு. ஓட்டத்துல நீ எங்க போயிருப்பியோ. சார் என் காலப் பாத்தாரு. பொறவு பலகைய எடுத்து ஒரு கட்டவெரல் போட்டாரு."

கட்டைவிரல் என்றால் மேலே வா என்று அர்த்தம்.

"நான் படுத்துக்கெடந்தே கைய நீட்டி அத அழிச்சேன். அவன் முடிச்சிட்டு வரட்டும், அவன எடுக்காம இந்தப் படகு நவுந்துச்சுன்னா நான் உருண்டு கடல்ல சாடிருவேன்னேன். கையப் போடுங்க சார்னேன். அவரு கையப் போட்டாரு. வட்டமும் போடுங்க, இல்லன்னா அந்தக் கிறுக்கன் நிக்க மாட்டான்னேன்."

நான் அவன் இடது காலைப் பார்த்தேன். செருப்பு கழன்று தனியாகக் கிடந்தது, அது அவனுக்குத் தெரியவில்லை. பதினாறு நிமிடம் முன்னால் கிளம்பியிருந்தால் அந்தக் கால் தேறியிருக்குமா என்று எந்த டாக்டரும் சொல்லமாட்டார். தேறியிருக்காது என்றும் சொல்லமாட்டார்.

"இத்தன வருசமா ஏம்லே சொல்லல?"

"சொன்னா அடுத்த தடவ எவனாவது மேல போனா நீ நிப்பியாடே? கயித்த அறுத்துட்டுல்லா வந்திருப்ப."

யாரோ ஐஸ் கேட்டு வந்தார்கள். அவன் கம்பை ஊன்றி எழுந்து போனான்.

என்னிடம் கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான். எப்படி நின்றோம் என்றால், எண்ணிக்கொண்டு நின்றோம். எனக்கு இன்னும் ஒரு தடவை போக வேண்டும் என்றிருக்கிறது. ஆழம் வேண்டாம், வேலை வேண்டாம். வெள்ளைத் துணிக்குப் பக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா தொங்கினால் போதும். ஆனால் இதைத் தெரிந்துகொண்ட பிறகு அங்கே என்னால் பதினாறு நிமிடம் நிற்க முடியும் என்று தோன்றவில்லை.